உண்ணி கடித்த இடத்தைக் கவனியுங்கள்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நாங்கள் பேச வந்திருப்பது மிகச் சிறிய ஒரு பிராணியைப் பற்றி. பசியோடு இருக்கும்போது எள்ளுப் பருமன்தான் இருக்கும். குஞ்சாக இருந்தால் ஒரு பேனா முனைப் புள்ளி அளவுதான். புல்லு வெட்டுகிறவர்கள், மாட்டுக்குப் புல்லறுக்கப் போகிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள், நாயோடு விளையாடுகிற பிள்ளைகள் என்று எல்லார் உடம்பிலும் அது ஏறுகிறது. உண்ணியைத்தான் சொல்கிறோம்.

"அட்டை கடிச்சு ரத்தம் ஓடுறப்பவே நாங்க கொழுந்தெடுக்கிறதை நிறுத்துறதில்ல. உண்ணிக் கடிக்கு ஒரு கூட்டமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். உண்ணிக் கடிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாள் அரிப்போடு போய்விடும். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சில கடிகளுக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறது, விலையும் குறைவு, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். நேரத்தோடு கொடுத்தால் ஆள் எழுந்து நடப்பார். பிந்தினால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நீங்கள் தோலில் பார்க்கிற அடையாளமும், வைத்தியரிடம் சொல்கிற ஒரு வார்த்தையும்தான்.

அட்டையும் உண்ணியும் ஒன்றல்ல

அட்டை வயிறு நிரம்பியதும் தானாக விழுந்துவிடும். உண்ணி அப்படியில்லை. வாயைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு நாட்கணக்கில் இருக்கும். கடிப்பது நமக்குத் தெரியாதபடி அதன் எச்சிலே செய்துவிடும். இரத்தம் குடிக்கும்போதே அந்த எச்சிலும் நம் உடம்புக்குள் போகிறது. உண்ணியிடம் கிருமி இருந்தால் அந்த வழியாகத்தான் நமக்குள் வருகிறது.

அந்தக் கிருமிக்கு ரிக்கெட்சியா என்று பெயர். அமெரிக்காவில் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற வைத்தியர் 1906ஆம் ஆண்டில் இப்படியொரு காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று காட்டினார். டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அந்தக் காய்ச்சலே பிடித்து 1910இல் இறந்துபோனார். அவர் பெயரைத்தான் கிருமிக்கு வைத்தார்கள்.

நம் நாட்டிலும் இது புதிய விஷயமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையில் இருந்த படைவீரர்களுக்கே இந்த இனத்துக் காய்ச்சல் வந்திருக்கிறது. இன்றைக்கும் டைபஸ் காய்ச்சல் என்பது வைத்தியர்கள் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. இதில் இரண்டு வகையை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, உண்ணி கடித்து வருகிற புள்ளிக் காய்ச்சல். நம் மலைநாட்டில் அதிகம் பேசப்படுவது இதுதான். மற்றது ஸ்க்ரப் டைபஸ். உண்ணியின் இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. பற்றைக் காடும் உயர்ந்த புல்லும் உள்ள இடத்தில் அது இருக்கும். இரண்டுக்கும் மருந்து கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தோலில் என்னென்ன தெரியும்?

முதலாவது, சாதாரணக் கடி. கடித்த இடத்தில் பயறு அளவில் ஒரு சின்ன வீக்கம், சிவப்பு, அரிப்பு. சில நாளில் குறையும். சிலருக்கு ஒரு சின்னக் கட்டி மட்டும் சில வாரங்கள் நிற்கும். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சொறியாமல் விட்டால் போதும்.

இரண்டாவது, சீழ் பிடிப்பது. அழுக்கு நகத்தால் சொறிந்து புண்ணாகிவிட்டால் இது வரும். சுற்றியுள்ள தோல் சூடாகி, சிவப்பு நாளுக்கு நாள் பரவும், வலிக்கும், சீழ் வரும். சிவப்புக் கோடு ஒன்று மேலே ஏறினால் அன்றைக்கே மருந்தெடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, கருப்புப் பொருக்கு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டு நெருப்பால் சுட்ட தழும்பு மாதிரி, நடுவில் கருப்பாகக் காய்ந்த பொருக்கு, சுற்றிவரச் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்கவும் அரிக்காது. அதனால்தான் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அதற்குப் பக்கத்தில் கவட்டிலோ அக்குளிலோ நெறி கட்டியிருக்கும். ஸ்க்ரப் டைபஸில் இது பலருக்கு வரும். உண்ணிப் புள்ளிக் காய்ச்சலில் நம் நாட்டில் எல்லாருக்கும் வராது. ஆகவே பொருக்கு இல்லை என்பதற்காக "இது அந்தக் காய்ச்சல் இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது.

நான்காவது, புள்ளிகள். காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களில் கை கால்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றி உடம்புக்குப் பரவும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவது இந்தக் காய்ச்சலின் முக்கியமான அடையாளம். சாதாரண வியர்க்குருவோ பூச்சிக்கடியோ அந்த இடங்களில் வருவது குறைவு. நோய் முற்றினால் புள்ளிகள் ஊதா நிறமாகி, கருத்து, தோலே செத்துப்போகும். மத்திய மாகாண நோயாளிகளைக் கவனித்த பேராதனை வைத்தியர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிலருடைய தோலில் பன்னச் செடியின் இலை விரித்தது போல இந்தக் கருப்பு படர்ந்திருந்ததை எழுதியிருக்கிறார்கள்.

ஐந்தாவது, உடனே வரும் ஒவ்வாமை. கடித்த சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடும் முகமும் வீங்கி, மூச்சுத் திணறினால் அது அவசர நிலை. இன்னொரு விதமும் உண்டு. சில உண்ணிகள் கடித்த பிறகு சிலருக்கு மாடு, பன்றி, ஆட்டு இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகும். இரவு சாப்பிட்டுச் சில மணித்தியாலம் கழித்துத் தடிப்பு வரும். அப்படியொன்றைக் கண்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, "இலக்குப் பலகை மாதிரி வட்டமா வந்தாத்தானே பயம்?" என்று கேட்கிற இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது லைம் என்ற நோய். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம். நம் மலையில் முதலில் நினைக்க வேண்டியது ரிக்கெட்சியாவைத்தான். ஆனாலும் கடித்த இடத்தைச் சுற்றி வட்டம் ஒன்று நாளுக்கு நாள் பெரிதானால், படர்தாமரை என்று நினைத்துக் கண்ட களிம்பைப் பூசாமல் காட்டிவிடுங்கள்.

கொழுந்துக் கறை மறைத்துவிடும்

இங்கே நம் தாய்மார்களுக்கு ஒரு விசேஷமான சிக்கல் இருக்கிறது. வருஷக்கணக்காகக் கொழுந்தெடுத்த கையில் கறை ஏறியிருக்கும். சவர்க்காரம் போட்டாலும் போகாது. அந்த உள்ளங்கையில் புள்ளி வந்தால் டொக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆகவே உள்ளங்காலைப் பாருங்கள். மணிக்கட்டின் உட்பக்கத்தையும், முழங்கையின் உட்பக்கத்தையும், வயிற்றையும் பாருங்கள். புத்தகத்தில் "சிவப்புப் புள்ளி" என்று போட்டிருப்பார்கள். நம் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கபிலமாகவோ கருநீலமாகவோ தெரியலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லயத்துக் காம்பறாவின் மங்கல் வெளிச்சத்தில் தெரியாது.

உண்ணி எங்கே ஒட்டும்? உடுப்பு இறுக்குகிற இடத்திலும் மறைவான இடத்திலும். படங்கு கட்டுகிற இடுப்பு, அக்குள், கவடு, மார்புக்குக் கீழ், முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். கருப்புப் பொருக்கும் இந்த இடங்களில்தான் அதிகமாக இருக்கும்.

இதைச் சொல்லும்போது சில அம்மாமார் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். எங்களுக்குப் புரிகிறது. கவட்டிலோ மார்புக்குக் கீழோ ஒரு புண் இருந்தால் ஆண் வைத்தியரிடம் காட்ட வெட்கமாகத்தான் இருக்கும். அப்போது குடும்ப நல மாதுவையோ பெண் தாதியையோ கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. காட்ட முடியாவிட்டால் வாயாலாவது சொல்லுங்கள். அந்த ஒரு பொருக்கைப் பார்த்தால் வைத்தியர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். அதை மறைத்தால் நம்மை நாமே ஏமாற்றுகிற மாதிரி.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

உண்ணி கடித்ததைக் கண்ட அன்றைக்குச் சுவர்க் கலண்டரில் ஒரு புள்ளி போடுங்கள். அதிலிருந்து மூன்று கிழமைக்குக் கவனம். பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் தெரிந்துவிடும்.

அந்த மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். புள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டாம். புள்ளி வருவதற்கு முன் மருந்து தொடங்குவதுதான் நல்லது. காய்ச்சல் இல்லாவிட்டாலும் கருப்புப் பொருக்கு இருந்தால், நெறி கட்டியிருந்தால், பொறுக்க முடியாத தலைவலி இருந்தால், மூட்டுகள் வீங்கி வலித்தால், சிவப்புப் பரவினால் காட்ட வேண்டும்.

இனிச் சொல்வது ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாதவை. புத்தி தடுமாறிப் பேசுவது, எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, மூச்சு வாங்குவது, சலம் குறைவது, கை கால் குளிர்ந்து போவது, இரத்தம் கசிவது, புள்ளிகள் ஊதாவாக அல்லது கருப்பாக மாறுவது, முகம் வீங்குவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். வாகனம் லயத்தடிக்கு வர முடியாத பாதையாக இருந்தால், எந்தச் சந்திக்கு வர வேண்டும் என்று சரியாகச் சொல்லி, ஆளை அங்கே கொண்டுவந்து வையுங்கள்.

"இன்னைக்குப் போனா பேர் போயிருமே, ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்று ஒரு நினைப்பு வரும். ஒரு நாள் பேரின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாட்களில் போனால் துண்டோடும் மருந்தோடும் வீட்டுக்கு வரலாம். ஒரு கிழமை கழித்துப் போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று நோய் ஏறியிருக்கும். பிறகு வாட்டில் கிடக்கிற நாளுக்கெல்லாம் பேர் யார் போடுவது? பக்கத்தில் இருந்து பார்க்கிறவரின் பேரும் அல்லவா போகும்?

என்ன சொல்ல வேண்டும்?

காய்ச்சலோடு போனால் டெங்குவா, எலிக்காய்ச்சலா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அது சரிதான். உண்ணிக் காய்ச்சலும் தொடக்கத்தில் அதே மாதிரிதான் இருக்கும். இதற்கென்று இரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் முதல் கிழமையில் எடுத்தால் நோய் இருந்தாலும் பல சமயம் காட்டாது. மாதிரியைத் தூரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியும் வரலாம். அதனால் வைத்தியர் முடிவுக்குக் காத்திராமல், நீங்கள் சொல்வதையும் தோலையும் வைத்துத்தான் மருந்தைத் தொடங்குகிறார். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். உண்ணி கடித்தது. இத்தனையாம் திகதி கடித்தது. நான் இந்த வேலை செய்கிறேன், புல்லுக்குள் போனேன். டொக்டர் சிங்களத்தில் பேசுகிறவராக இருந்தால் "கினித்துல்லா" என்ற ஒரு சொல்லைச் சொல்லி இடத்தைக் காட்டுங்கள். சிங்களத்தில் உண்ணிக்கு அதுதான் பெயர். இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கடித்ததைக் காணவில்லை என்றாலும் பரவாயில்லை. "புல்லுக்குள் வேலை, வீட்டில் நாய் இருக்கு" என்று சொன்னாலும் உதவும். எத்தனையோ பேருக்குக் கடித்ததே தெரிவதில்லை.

மருந்து பற்றி

இந்தக் காய்ச்சலுக்கு முதன்மையான மருந்து டொக்சிசைக்ளின். தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். அவ்வளவு விரைவாக வேலை செய்யும். இறங்கிவிட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது. தந்த நாள் முழுவதும் குடிக்க வேண்டும். ஒரு கோப்பை தண்ணீரோடு, உட்கார்ந்தபடி குடியுங்கள். குடித்த உடனே படுத்தால் நெஞ்சு எரியும். பாலோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கும் இந்தக் காய்ச்சல் என்று சந்தேகித்தால் வைத்தியர் இதைத் தருவார். சில நாள் கொடுப்பதால் பல் கறுத்துவிடாது. கர்ப்பிணித் தாய்மார் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். எந்த மருந்து என்று வைத்தியர் தீர்மானிப்பார்.

பார்மசியில் வாங்குகிற அமொக்சிசிலின் போன்ற மருந்துகள் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. "மருந்து குடிச்சிட்டுத்தானே இருக்கேன்" என்று நம்பியிருக்கும்போதே நாள் போய்விடும். காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும் அளவோடு குடிக்கலாம். உடம்பு வலிக்கிறதென்று டைக்ளோபினாக், புரூபன், அஸ்பிரின் குடிக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

உண்ணியை எடுப்பது எப்படி?

மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு தடவுவது, பீடி நெருப்பால் சுடுவது, இதெல்லாம் காலம் காலமாக நடக்கிறது. செய்ய வேண்டாம். தோல் வெந்துபோகும். உண்ணியும் வேதனையில் எச்சிலைக் கக்கலாம். கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடியுங்கள். வயிற்றை நசுக்காமல், திருகாமல், நேராக மெதுவாக மேலே இழுங்கள். சாமணம் இல்லையென்றால் தையல் நூலைச் சுருக்காகப் போட்டுத் தோலோடு இறுக்கி இழுக்கலாம். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கையையும் கழுவுங்கள். வாயின் துண்டு உள்ளே நின்றுவிட்டால் ஊசியால் கிண்ட வேண்டாம். தோல் தானாகத் தள்ளிவிடும். எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள்.

காதுக்குள் புகுந்தால் மட்டும் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம். நம் நாட்டில் இது அடிக்கடி நடக்கிறது, பிள்ளைகளுக்கு அதிகம். ஈர்க்கும் ஹேர்ப்பின்னும் விட்டுக் கிண்டினால் செவிப்பறை கிழியும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வராமல் பார்ப்பது

வேலை முடிந்து வந்ததும் உடுப்பை மாற்றி, குளிக்கும்போது உடம்பு முழுவதையும் தடவிப் பாருங்கள். வேலை உடுப்பைப் படுக்கையில் போடாமல் வெளியே கழற்றி, கழுவி, நல்ல வெயிலில் காயவையுங்கள். பிள்ளைகளின் தலையையும் காதுப் பின்பக்கத்தையும் அம்மாவோ பாட்டியோ இரவு சாப்பாட்டுக்கு முன் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். புல்லுக்குள் போகும்போது நீளக் களிசானும் பூட்ஸும் போட்டு, களிசானின் கீழ்ப்பக்கத்தை மேஸுக்குள் செருகுங்கள். அட்டைக்குப் பூசுகிற சவர்க்காரம் உண்ணிக்கும் போதும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

லயத்தைச் சுற்றியுள்ள புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள். நாயையும் மாட்டையும் அடிக்கடி பார்த்து, மிருக வைத்தியரிடம் கேட்டு உண்ணி மருந்து போடுங்கள். மலைக்கு அடிக்கிற பூச்சி மருந்தை நாய்க்கோ பிள்ளையின் தலைக்கோ ஒருபோதும் பூசாதீர்கள். அது உண்ணியைவிடப் பெரிய ஆபத்து.

தாய்மார்களே, சகோதரர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். எல்லாவற்றையும் ஞாபகம் வைக்க முடியாவிட்டாலும் இதை மட்டும் பக்கத்துக் காம்பறாவுக்கும் சொல்லுங்கள். கடித்த திகதியைக் கலண்டரில் போடுங்கள். மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, கேட்கும்வரை காத்திராமல், "உண்ணி கடிச்சது" என்று சொல்லுங்கள்.